நல்ல காரியத்துக்காக ஓடப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் படியுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓட்டத்தைப் பற்றியவை. அதனால் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: புற்றுநோயாளிகளுக்கு உதவும் பத்து கிலோமீட்டர் ஓட்டம் என்று விளம்பரம் பார்த்துக் குடும்பத்தில் நான்கு பேருக்கும் கட்டணம் கட்டினேன். அப்புறம் விசாரித்தால், அதில் நோயாளிகளுக்கு எவ்வளவு போகிறது என்று யாருமே தெளிவாகச் சொல்லவில்லை. ஏமாந்துவிட்டோமா?

பதில்: ஏமாந்துவிட்டீர்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஒரு சாலை ஓட்டத்தை நடத்துவதற்கே நிறைய செலவாகும். சாலையை மூட அனுமதி, ஆம்புலன்ஸ், வழியில் தண்ணீர், தற்காலிகக் கழிப்பறை, நேரம் பார்க்கும் சிப், காப்பீடு, டீ-ஷர்ட், மெடல் என்று பட்டியல் நீளும். நுழைவுக் கட்டணத்தின் பெரும்பகுதி இதற்கே போய்விடுவது வழக்கம். அதில் தப்பில்லை. அதை மறைத்து, கட்டணம் முழுவதும் நோயாளிக்குப் போவதுபோல் காட்டுவதுதான் தப்பு.

விளம்பரத்தை மறுபடி எடுத்துச் சொல் சொல்லாகப் படியுங்கள். ‘விழிப்புணர்வு ஓட்டம்’ என்று மட்டும் போட்டிருந்தால் பணம் தருவதாக அவர்கள் சொல்லவே இல்லை. ‘வருமானத்தில் ஒரு பகுதி’ என்றால் அது எவ்வளவாகவும் இருக்கலாம். ‘செலவு போக மீதி’ என்றால், மீதி எதுவுமே இல்லாமலும் போகலாம். ‘ஒவ்வொரு பதிவுக்கும் இவ்வளவு’ என்று தொகை போட்டிருந்தால்தான் அது பிடித்துக் கேட்கக்கூடிய வாக்குறுதி.

அமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பணம் எந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது, அதன் பதிவுப் பெயர் என்ன, தொகை எப்படிக் கணக்கிடப்படுகிறது, போன முறை எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேளுங்கள். கூடவே அந்தத் தொண்டு நிறுவனத்தையும் நேரடியாகத் தொடர்புகொண்டு, இப்படி ஒரு ஓட்டம் நடப்பது தெரியுமா என்று கேட்டுவிடுங்கள். பலர் விட்டுவிடுவது இந்த ஒன்றைத்தான். நேர்மையாக நடத்துபவர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். கோபப்பட்டாலோ மழுப்பினாலோ அடுத்த முறை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இன்னொரு விஷயம். கட்டணத்துக்குப் பதிலாக உங்களுக்கு டீ-ஷர்ட்டும் மெடலும் ஓடும் வசதியும் கிடைக்கிறது. அதனால் பொதுவாக அது நன்கொடைக் கணக்கில் வராது, வரி விலக்கு ரசீதும் கிடைக்காது. கொடுக்க வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் தொண்டு நிறுவனத்துக்கே நேரடியாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஓட்டத்தை ஓட்டத்துக்காக ஓடுங்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே மனக்குறை பாதி தீர்ந்துவிடும்.

கட்டணமே இல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்றால், முடியும். டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடா இளைஞருக்கு எலும்புப் புற்றுநோயால் 1977-ல் வலது கால் முழங்காலுக்கு மேல் எடுக்கப்பட்டது. 1980 ஏப்ரலில், செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். நாளுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு, 22 வயதில் இறந்துபோனார். கனடா மக்கள் ஆளுக்கு ஒரு டாலர் தர வேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தத் தொகை சேர்ந்துவிட்டது. அவர் பெயரில் 1981-லிருந்து நடக்கும் ஓட்டத்தில் யார் முந்தினார் என்ற கணக்கே கிடையாது. நடக்கலாம், ஓடலாம், முடிந்ததைக் கொடுக்கலாம். தொண்டுக்கான ஓட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஒரு பெரிய மாரத்தானில் குலுக்கலில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு தொண்டு நிறுவனம் தன் ஒதுக்கீட்டில் இடம் தருகிறது. ஆனால் குறிப்பிட்ட தொகையை நான் திரட்டித் தர வேண்டுமாம், உத்தரவாதமாக கிரெடிட் கார்டு விவரமும் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் கையெழுத்துக்கு முன்னால் நிபந்தனைகளை முழுசாகப் படியுங்கள். இந்த முறை பழையதுதான். 1988-ல் அமெரிக்காவில், ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு சிறுமியின் தந்தை புரூஸ் கிளீலாண்ட் 38 பேரைத் திரட்டி, நியூயார்க் மாரத்தானில் ஓடவைத்து, 3,22,000 டாலர் சேர்த்துக் கொடுத்தார். அதைப் பார்த்துத்தான் ‘டீம் இன் டிரெயினிங்’ என்ற திட்டம் வளர்ந்தது. இன்று உலகின் பெரிய மாரத்தான்கள் பலவற்றில் தொண்டு நிறுவனங்களுக்கென்று தனி இடங்கள் உண்டு.

நீங்கள் பார்க்க வேண்டியது, தொகை குறைந்தால் யார் கட்டுவது என்பதை. கார்டு விவரம் கேட்கிறார்கள் என்றாலே, கடைசித் தேதிக்குள் வராத மிச்சத்தை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்று பொருள். பயிற்சியில் கால் பிசகி ஓட முடியாமல் போனால்? சில இடங்களில் அப்போதும் பொறுப்பு உங்களுடையதே. சில நிறுவனங்கள் குறிப்பிட்ட தேதிக்கு முன் விலகினால் விட்டுவிடும். அந்தத் தேதியை எழுத்தில் வாங்குங்கள்.

அந்த இடத்தைத் தொண்டு நிறுவனமும் பெரும்பாலும் பணம் கொடுத்துத்தான் வாங்குகிறது. அதாவது நீங்கள் திரட்டும் தொகையில் ஒரு பகுதி உங்கள் இடத்துக்கே போகிறது. எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, முடிந்தால் அந்தப் பகுதியை நீங்களே கட்டிவிடுங்கள். அப்போது நண்பர்களிடம் ‘நீங்கள் தருவது முழுக்க நோயாளிகளுக்கு’ என்று தலைநிமிர்ந்து சொல்லலாம்.

பணம் கேட்கும் விதத்திலும் ஒன்று உண்டு. குழுவில் ஒரே செய்தியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் அடுத்தவர் தருவார் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக, பெயர் சொல்லி, ஏன் இந்தக் காரியம் உங்களுக்கு முக்கியம் என்று நாலு வரி எழுதுங்கள். ஓடி முடித்த பிறகு எவ்வளவு சேர்ந்தது என்றும் எழுதுங்கள். கொடுத்தவருக்கு அந்தக் கணக்கைக் காட்டுவது நம் கடமை.

கேள்வி: ஷூ வாங்கப் போனேன். கடையில் டிரெட்மில்லில் ஓடவிட்டு வீடியோ எடுத்து, ‘உங்கள் பாதம் உள்பக்கம் சாய்கிறது, தாங்கு ஷூ போடாவிட்டால் முழங்கால் போய்விடும்’ என்றார்கள். விலை இரண்டு மடங்கு. நண்பனோ கார்பன் தகடு வைத்த ஷூதான் வாங்கு என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: இருவர் சொல்வதையும் ஒதுக்கி வையுங்கள். கால் தரையில் படும்போது பாதம் கொஞ்சம் உள்பக்கம் சாய்வது இயற்கை. அதிர்ச்சியை உடம்பு வாங்கிக்கொள்ளும் முறையே அதுதான். அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரீன் படைகளில் பயிற்சிக்கு வந்தவர்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்குப் பாதத்தின் வடிவம் பார்த்து ஷூ கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு வடிவம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே வகை. காயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே வரவில்லை. மருத்துவர் பார்த்துச் சொன்ன பிரச்சினை உங்களுக்கு ஏற்கெனவே இருந்தால் அது வேறு. கடைக்காரர் வீடியோவைப் பார்த்துப் பயமுறுத்துவதை வைத்து இரண்டு மடங்கு கொடுக்க வேண்டாம்.

கார்பன் தகடு ஷூ, போட்டியில் நேரம் குறைக்க நினைப்பவர்களுக்கு. வேகத்துக்காகவே செய்தது, அடிப்பாகத்து நுரையும் சீக்கிரம் தளர்ந்துவிடும். சாலைப் போட்டிகளில் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு விதியே வைக்கும் அளவுக்கு அந்தத் தொழில்நுட்பம் போய்விட்டது. புதிதாக ஓடத் தொடங்கும் உங்களுக்கு அது தேவையில்லை.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். பகல் முழுவதும் நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள். நின்றுகொண்டு, மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். பலருக்கு மிக நீளமானது கட்டைவிரல் இல்லை, இரண்டாவது விரல். இடம் போதாவிட்டால் நகம் கறுத்துப்போகும். இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்காது, பெரியதற்குப் பொருந்த வேண்டும். அப்புறம் கடைக்குள்ளேயே மெதுவாக ஓடுங்கள். குதிகால் வழுக்கி மேலே எழும்பினால் வேண்டாம். பாதத்தின் மேல்பக்கத்தைக் கயிறு கடித்தாலும் வேண்டாம். ‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று சொன்னால் நம்பாதீர்கள். ஓடும் ஷூ முதல் நிமிடத்திலேயே சுகமாக இருக்க வேண்டும்.

விலையைக் குறைக்க நல்ல வழி, போன வருட மாடலைக் கேட்பது. புது மாடலில் பல சமயம் மாறியிருப்பது நிறமும் மேல்துணியும்தான். 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஒரு ஷூ தாங்கும் என்பார்கள். கணக்கு வைத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாலோ, அடிப்பாகத்தின் பக்கவாட்டில் ஆழமான மடிப்புகள் விழுந்திருந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. கடைசியாக, வெளியே ஒரு முறை ஓடிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள். சில கடைகள் எடுத்துக்கொள்கின்றன. கேட்டால்தான் தெரியும்.

கேள்வி: பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் என் கைக்கடிகாரம் 10.2 என்று காட்டியது. பாதையைச் சரியாக அளக்காமல் பணம் வாங்கிவிட்டார்களா?

பதில்: இல்லை. முறைப்படி அளக்கும் பாதையை சைக்கிளில்தான் அளப்பார்கள். முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் சிறு கருவி ஒன்றை மாட்டி, எஃகு நாடாவால் அளந்த நேர்கோட்டில் சைக்கிளை முதலில் சரிபார்த்துக்கொள்வார்கள். பிறகு வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஆக மிகக் குறுகிய கோட்டில் ஓட்டிப் போவார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நாம் கூட்டத்தை விலக்கி, தண்ணீர் மேசைக்குப் போய் வந்து, வளைவில் வெளிப்பக்கமாக ஓடுகிறோம். உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம் தடுமாறும். எல்லாம் சேர்ந்து 10.2 ஆவது சகஜம். உங்களுக்கும் கூட ஓடிய பலருக்கும் 9.7 என்று காட்டியிருந்தால் அப்போது அளவுச் சான்றிதழைக் கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: கனமழையால் ஓட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். கட்டணம் திரும்பத் தர மாட்டார்களாம், மெடலைத் தபாலில் அனுப்புகிறார்களாம். என் எண்ணை வேறொருவருக்கு விற்கவும் விடவில்லை.

பதில்: பதிவு செய்தபோது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளை எடுத்துப் பாருங்கள். அவை பின்னால் மாற்றப்படலாம், அதனால் பணம் கட்டும் நாளிலேயே ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. பணம் திரும்பாது என்று எழுதியிருந்தாலும், அடுத்த முறைக்கு இடத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதிக் கேட்டால் பலர் சம்மதிப்பார்கள். தொண்டு ஓட்டம் என்றால், அந்த நிறுவனத்துக்குச் சொன்ன தொகை போய்ச் சேர்ந்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலே வராவிட்டால் கார்டில் கட்டியவர்கள் வங்கியிடம் முறையிடலாம்.

எண்ணை விற்கக் கூடாது என்பதில் மட்டும் நான் அமைப்பாளர் பக்கம். அந்த எண்ணோடு உங்கள் பெயர், வயது, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் விவரம் எல்லாம் இருக்கிறது. வழியில் ஒருவர் மயங்கி விழுந்தால், மருத்துவர் பார்ப்பது வேறொருவருடைய விவரம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முறைப்படி பெயர் மாற்ற வழி இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: வயது ஐம்பத்து மூன்று. எனக்குப் போட்டியும் வேண்டாம், மெடலும் வேண்டாம், சும்மா சந்தோஷத்துக்கு ஓட வேண்டும். மகள் கொடுத்த பட்டியலில் கைக்கடிகாரம், செயலிச் சந்தா, புரோட்டீன் பவுடர், அழுத்தக் காலுறை எல்லாம் இருக்கிறது. எதை வாங்கட்டும்?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். காலுக்கு இதமான ஷூ, உராயாத சாக்ஸ், நன்றாகத் தாங்கும் ஸ்போர்ட்ஸ் பிரா. இந்த மூன்றில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். மற்றவை எதுவும் இப்போது வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குத் தண்ணீரே போதும், அதையும் தாகம் எடுத்தால் குடித்தால் போதும். இதய நோய், நெஞ்சு வலி, ரத்த அழுத்தம் ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

தொடக்கத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிப் போங்கள். ஓடிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் அதுதான் உங்கள் வேகம். மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் பத்து நிமிடம் எல்லாருக்குமே கனமாகத்தான் இருக்கும். அதைத் தாண்டியதும் மூச்சும் காலடியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய், தோள் இறுக்கம் தளர்ந்து, நாம் ஓடுகிறோம் என்ற நினைப்பே கொஞ்ச நேரம் மறந்துபோகும். அதை எந்தச் சந்தாவும் தராது.

துணைக்கு ஆள் வேண்டும் என்றால் இலவசமாக ஓடும் குழுக்கள் இருக்கின்றன. லண்டன் புஷி பூங்காவில் 2004 அக்டோபரில் 13 பேர் ஓடித் தொடங்கிய பார்க்ரன் இன்று பல நாடுகளில் நடக்கிறது. ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடத்துபவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள், நடந்தே முடிப்பவர்களும் உண்டு. என்றாவது ஓட மனமில்லாத வாரம் தன்னார்வலராகப் போய் நில்லுங்கள். பணம் கொடுக்காமல் செய்யக்கூடிய தொண்டு அது.

மூன்று மாதம் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தால் கைக்கடிகாரம் வேண்டுமா என்று மறுபடி எழுதுங்கள், அப்போது எந்த மாதிரி வாங்கலாம் என்று பேசுவோம்.