பட்டறைக் கேள்வி–பதில்: பலகை மேல் ஒரு பேஸ்பால் மைதானம்

மின்சாரம் இல்லாமல் இயங்கும் மேசை விளையாட்டுகளைச் செய்து பார்க்கும்படி சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். மலைப்பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்து பேஸ்பாலைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மழை நாட்களில் மின்சாரம் போய்விட்டால் பேரப்பிள்ளைகளுக்குப் பொழுது போவதில்லை என்பதால், வெளிநாட்டில் மகள் வீட்டில் இருந்தபோது பார்த்த பேஸ்பாலை ஒரு பலகையில் செய்தேன். ஸ்பிரிங் மட்டை, உருண்டு வரும் கோலிக்குண்டு, எதிர்ச்சுவரில் 10 குழிகள்; அவற்றில் 3 அவுட், 7 ஓட்டம். எல்லாம் குறையில்லாமல் வேலை செய்கின்றன. ஆனால் ஓர் அணி 9 இன்னிங்ஸில் 40 ஓட்டம் எடுத்துவிடுகிறது. பிள்ளைகள் பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார்கள். எங்கே தவறு செய்தேன்?
(வாசகர், கோத்தகிரி)

பதில்: தவறு உங்கள் ஸ்பிரிங்கில் இல்லை ஐயா, குழிக் கணக்கில் இருக்கிறது. கிரிக்கெட் பார்த்துப் பழகிய கை குழி வெட்ட உட்கார்ந்தால் ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு என்று ஓட்டங்களைத்தான் முதலில் வெட்டும். அவுட்டுக்கு மிச்சமிருக்கும் இடத்தைக் கொடுக்கும். பேஸ்பாலோ, மட்டையாளர் பெரும்பாலும் தோற்றுப்போகிற ஆட்டம். மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு ஓடி ஏற வேண்டிய மூலைகளைத்தான் பேஸ் என்கிறார்கள்; நான்கையும் சுற்றி வீடு திரும்பினால் ஓர் ஓட்டம். 10 முறை ஆட வந்து 3 முறை நல்ல அடி அடித்து பேஸ் ஏறுபவரை அங்கே தேர்ந்த மட்டையாளர் என்கிறார்கள். 1941-ஆம் ஆண்டில் அமெரிக்க வீரர் டெட் வில்லியம்ஸ் .406 என்ற சராசரியை எட்டியதை, அதாவது 10-க்கு 4 முறையைச் சற்றே தாண்டியதை, இன்று வரை வியந்து பேசுகிறார்கள்.

உங்கள் 40 ஓட்டம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 3 பேர் அவுட்டானால் ஓர் அணியின் இன்னிங்ஸ் முடியும். உங்கள் பலகையில் 10-க்கு 3 தான் அவுட் என்பதால் சராசரியாக 10 பேர் ஆடினால்தான் அந்த மூன்று அவுட்டும் விழும். மற்ற 7 பேரும் பேஸ் ஏறுவார்கள். பேஸ்களில் நிற்க மூன்று பேருக்குத்தான் இடம் என்பதால் குறைந்தது 4 பேர் சுற்றி முடித்தே ஆகவேண்டும். 9 இன்னிங்ஸுக்கு 36. கடைசி அவுட் விழும்போது மூன்று பேஸும் எப்போதும் நிரம்பி இருப்பதில்லை என்பதால் அது 40 வரை போகிறது. இதையே திருப்பி 10-க்கு 7 அவுட் என்று வைத்தால், நான்கு பேருக்குச் சற்று மேல் வந்ததுமே இன்னிங்ஸ் முடிந்துவிடும். ஒருவரோ இருவரோதான் பேஸ் ஏறுவார்கள். அமெரிக்க லீக்கில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எடுப்பதே 4 அல்லது 5 ஓட்டம். ஓட்டம் அரிதாக இருந்தால்தான் மூன்றாம் பேஸில் நிற்கும் ஆளைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு நெஞ்சு படபடக்கும்.

குழிகளின் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் போதாது, ஏனென்றால் எல்லாக் குழிகளுக்கும் பந்து சம அளவில் போவதில்லை. மட்டை ஓர் ஆணியைச் சுற்றித் திரும்புவதால், அவசரப்பட்டு முன்கூட்டியே வீசினால் பந்து ஒரு பக்கமும், தாமதித்தால் மறுபக்கமும் போகும். கை பழகப் பழக அடிகள் நடுவில் குவியும். ஆகவே குழி வெட்டுவதற்கு முன்பு எதிர்ச்சுவர் முழுவதும் வெள்ளைத் தாளை ஒட்டி, அதன் மேல் கார்பன் தாளை, மை தாளைத் தொடும்படி மாட்டிவிட்டு, வீட்டில் உள்ளவர்களை மாற்றி மாற்றி 100 பந்து அடிக்கச் சொல்லுங்கள். பந்து மோதிய இடத்திலெல்லாம் ஒரு நீலப் புள்ளி விழும். கார்பன் தாளை எடுத்துவிட்டுப் பார்த்தால், புள்ளிகள் நடுவில் எறும்புக் கூட்டம் போல மொய்த்தும் ஓரங்களில் சிதறியும் இருப்பது தெரியும். அந்தப் புள்ளிகளைத்தான் பங்கு போட வேண்டும்: ஏறக்குறைய 65 புள்ளிகள் அவுட் குழிகளுக்குள்ளும், 35 புள்ளிகள் வெற்றி அடிக் குழிகளுக்குள்ளும் வரும்படி கோடு கிழித்து அதன் பிறகு வெட்டுங்கள். நடுவில் மொய்க்கும் இடத்தை அவுட்டுக்கே கொடுத்துவிட்டு, அதன் நட்ட நடுவில் பந்தின் அகலத்தைவிடச் சற்றே பெரிய ஒரு குழியை மட்டும் ஹோம் ரன்னுக்கு, அதாவது ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவதற்கு, விடுங்கள். ஆசை காட்டி மோசம் செய்யும் குழி அதுதான்.

பந்து மட்டைக்குச் சிக்காமல் போவதை ஸ்ட்ரைக் என்பார்கள்; அப்படி 3 ஸ்ட்ரைக் ஆகி வெளியேறுபவர்களும் கணக்கில் உண்டு. நாலில் ஒருவர் அப்படிப் போனால், வெற்றி அடி 100-க்கு 35 என்பது 26 ஆகக் குறைந்து, உண்மையான ஆட்டத்தின் அளவுக்கு வந்துவிடும். உங்கள் பலகையில் ஒருவரும் ஸ்ட்ரைக் அவுட் ஆவதில்லை என்றால் பந்து மிக மெதுவாக வருகிறது என்று பொருள். அதற்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பந்தை எந்த உயரத்திலிருந்து உருட்டிவிட வேண்டும்? கோலிக்குண்டு நல்லதா, இரும்புக் குண்டு நல்லதா? பந்தை எறியும் பிட்சராக இருப்பவருக்கும் சாமர்த்தியம் காட்ட ஏதாவது வழி உண்டா?
(வாசகி, கொடைக்கானல்)

பதில்: பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து மட்டையாளரின் பேஸ் வரை உள்ள தூரம் 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்பட்ட பந்து அந்தத் தூரத்தைச் சுமார் 0.4 விநாடியில் கடந்துவிடுகிறது. ஒன்றைக் கண்டு கையை அசைக்கவே மனிதருக்கு ஏறக்குறைய 0.2 விநாடி வேண்டும் என்பதால், முடிவெடுக்க மீதமிருப்பது மிகக் கொஞ்சம். பலகையில் நாம் காப்பாற்ற வேண்டியது அந்த 0.4 விநாடியைத்தான், மற்றவற்றை விட்டுக்கொடுக்கலாம்.

சரிவில் வழுக்காமல் உருண்டு இறங்கும் கெட்டியான குண்டின் வேகத்தைக் கண்டுபிடிக்க, உயரத்தை மீட்டரில் எழுதி 14-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். 7.5 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் விநாடிக்கு 1 மீட்டரைச் சற்றே தாண்டும். சரிவின் அடியிலிருந்து மட்டை வரை 45 செ.மீ. தூரம் என்றால் 0.44 விநாடியில் வந்து சேரும். 5 செ.மீ. உயரத்துக்கு 0.54 விநாடி, 12 செ.மீ. உயரத்துக்கு 0.35 விநாடி. இந்த மூன்று உயரங்களிலும் மூன்று படிகள் வைத்துவிட்டால் மெதுவான பந்து, நடுத்தரம், வேகப்பந்து என்று மூன்றும் கிடைத்துவிடும். 18.44 மீட்டரை 45 செ.மீ. ஆகச் சுருக்குவது 41-இல் ஒரு பங்கு. மைதானம் முழுவதையும் அதே அளவில் சுருக்கினால் 120 மீட்டர் தொலைவில் உள்ள எல்லைச்சுவர் பலகையில் ஏறக்குறைய 3 மீட்டர் தள்ளிப் போய்விடும். வீட்டு மேசைக்கு அது ஆகாது. ஆகவே எறியும் தூரத்துக்கு ஓர் அளவு, களத்துக்கு வேறோர் அளவு என்று துணிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன கணக்கில் எடை எங்கும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கண்ணாடிக் கோலியும் இரும்புக் குண்டும் ஒரே நேரத்தில்தான் வந்து சேரும். வேறுபாடு மட்டையில் படும்போதுதான். எங்கள் வீட்டில் ஒரு பழைய லாரி பேரிங்கிலிருந்து எடுத்த 12 மில்லிமீட்டர் குண்டை முதல் நாளே ஆசையோடு அடித்துப் பார்த்தேன். அது சுவரைத் தாண்டிப் போய்க் கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் புகைப்படத்தின் கண்ணாடியை உடைத்துவிட்டது. குழிச்சுவருக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்குக் கொசுவலைத் துணியைக் கட்டிய பிறகுதான் எனக்கு மறுபடியும் அனுமதி கிடைத்தது.

பிட்சரின் சாமர்த்தியம் ஒளிவுமறைவில் இருக்கிறது. எந்தப் படியிலிருந்து பந்து வருகிறது என்பது மட்டையாளருக்குத் தெரிந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. சரிவின் மேற்பாதியை அட்டையால் மறையுங்கள். பந்தை விரலால் தள்ளாமல், மூன்று படிகளுக்கும் பொதுவாக ஒரு கதவை வைத்து, அதை ஒரே நூலால் தூக்கும்படி அமையுங்கள். அப்போதுதான் வேகமும் ஒவ்வொரு முறையும் மாறாமல் இருக்கும். படிகளின் உட்புறத்தில் கம்பளித் துணியை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் குண்டைப் படியில் வைக்கும்போது எழும் ‘டிக்’ என்ற ஓசையை வைத்தே எந்த உயரம் என்று பிள்ளைகள் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். என் மருமகள் ஒரே மாலையில் கண்டுபிடித்தாள். சரிவின் வாயை இடமும் வலமும் இரண்டு விரற்கடை திருப்பும்படி வைத்தால், மட்டைக்கு முன்னுள்ள 4 செ.மீ. அகலக் கட்டத்துக்கு வெளியேயும் பந்தை விடலாம். அதைத் தொடாமல் விட்டால் ‘பால்’. அப்படி நான்கு சேர்ந்தால் மட்டையாளர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவார்.

கேள்வி: தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் என் பலகை நெளிந்துவிட்டது. மட்டை ஆணி துருப்பிடித்து இறுகிக்கொண்டது. எந்த மரத்தில் செய்வது?
(வாசகர், கூடலூர்)

பதில்: ஒரே துண்டான அகலப் பலகையைத் தவிர்த்துவிடுங்கள். மரம் ஈரத்தைக் குடித்தால் நீளவாட்டில் அதிகம் மாறாது, குறுக்குவாட்டில்தான் உப்பும். தைலமரப் பலகை காயும்போதே முறுக்கிக்கொள்ளும். எஸ்டேட்டுகளில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக், ஓரச்சட்டங்களுக்குப் போதும். ஆடுகளத்துக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட்டே ஏற்றது, ஏனென்றால் அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்று உப்பப் பார்த்தால் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். முன்பு தேயிலை ஏற்றுமதியான பெட்டிகள் பிளைவுட்டால் ஆனவை. பரணில் அப்படி ஒன்று கிடந்தால் குழிச்சுவருக்கு அதன் பலகையே போதும்.

நெளிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் மேற்புறத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்து அடிப்புறத்தை அப்படியே விட்டிருப்பதுதான். இரண்டு பக்கமும், நான்கு விளிம்புகளும், வெட்டிய குழிகளின் உள்வாயும் ஒரே எண்ணிக்கையில் வார்னிஷ் காண வேண்டும். அடியில் குறுக்காக இரண்டு ரீப்பர்களைத் திருகி விடுங்கள். மட்டை ஆணிக்குப் பித்தளைத் திருகும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வாஷரும் போதும். மட்டையை இழுக்க ரப்பர் பேண்டை நம்பாதீர்கள். சில மாதங்களில் அது தளர்ந்து, ஒரு சீசனின் ஹோம் ரன் அடுத்த சீசனில் அவுட்டாகிவிடும். மலைவீடுகளில் தரையே ஒரு பக்கம் சாய்ந்திருப்பதும் உண்டு என்பதால், ஆட்டத்துக்கு முன் பலகையின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, காலுக்கு அடியில் அட்டைத் துண்டு செருகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பந்தை வளைந்து போகச் செய்ய முடியுமா? காந்தத்தைப் பயன்படுத்தலாமா?
(கல்லூரி மாணவி, குன்னூர்)

பதில்: செய்யலாம், ஜப்பானியர்கள் இதில் கரை கண்டவர்கள். அந்த நாட்டில் 1958-இல் எபோக் என்ற நிறுவனம் கொண்டுவந்த மேசை பேஸ்பால் இன்றும் பல வடிவங்களில் விற்பனையாகிறது. பலகைக்கு அடியில் ஒரு காந்தத்தை நெம்புகோலால் இடமும் வலமும் நகர்த்தினால் மேலே உருளும் இரும்புக் குண்டு அந்தப் பக்கம் வளையும். கண்ணாடிக் கோலி இதற்கு உதவாது. 12 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு அடியில் காந்தத்தின் பிடி குறைந்துவிடும் என்பதால், அந்தப் பாதைக்கு மட்டும் பலகையை அடியிலிருந்து குடைந்து மெலிதாக்க வேண்டும். காந்தம் பாதையின் நடுவில் இருக்கட்டும். மட்டைக்கு மிக அருகில் வைத்தால் வேகம் குறைந்த குண்டு அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

அதே நிறுவனம் 1972-இல் ‘மறையும் பந்து’ ஒன்றைச் சேர்த்தது. மட்டைக்குச் சற்று முன்னால் தரையில் ஒரு சிறு கதவு. பிட்சர் அதைத் திறந்தால் பந்து பலகைக்குள் இறங்கி மட்டைக்கு அடியில் போய்விடும், மட்டையாளர் காற்றைத்தான் அடிப்பார். செய்வதற்கு எளிது, ஒரு சின்னக் கீலும் ஒரு கம்பியும் போதும். ஆனால் அளவின்றி அனுமதித்தால் பிட்சர் வேறு எதையும் எறிய மாட்டார். மட்டையாளர் வீசாமல் இருந்துவிட்டால் அது ‘பால்’ என்று விதி வைத்துவிடுங்கள்; வீசுவதா, பொறுப்பதா என்ற தவிப்பு இரண்டு பக்கமும் வந்துவிடும். எனக்கு காந்தத்தைவிட இந்தக் கதவுதான் பிடித்திருக்கிறது.

கேள்வி: பேஸ்களில் ஆட்களை நகர்த்தவும் ஏதாவது பொறி இருக்கிறதா? விதிகளை முதலிலேயே அச்சிட்டு ஒட்டிவிடலாமா?
(வாசகர், உதகமண்டலம்)

பதில்: பேஸ்கள் நான்கும் ஒரு சதுரத்தின் மூலைகள் என்பதால், நான்கு துளைகள் உள்ள ஒரு வட்டத் தகட்டைச் சுழலும்படி பொருத்தி, துளைகளில் குச்சி ஆட்களைச் செருகினால் வேலை முடிந்தது. ஒரு பேஸ் அடிக்குக் கால் சுற்று, இரண்டு பேஸ் அடிக்கு அரைச் சுற்று, ஹோம் ரன்னுக்கு முழுச் சுற்று. எல்லா ஆட்களும் ஒன்றாக நகர்வார்கள், வீடு வந்தவரைப் பிடுங்கிக்கொள்ளலாம். தகட்டின் விளிம்பில் நான்கு பள்ளங்கள் வெட்டி, பிளாஸ்டிக் ஸ்கேல் துண்டு ஒன்றை அதில் அழுத்தும்படி திருகிவிட்டால், ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ‘டக்’ என்று நின்று, பின்னோக்கித் திரும்பாமலும் இருக்கும். இலவச பேஸ் வரும்போது மட்டும் ஆட்களைக் கையால் நகர்த்துங்கள்.

விதிகளுக்கு அவசரம் வேண்டாம். ஸ்னூக்கர் ஜபல்பூரில் 1875-இல் ஆடத் தொடங்கப்பட்டது. அதன் விதிகள் எழுதப்பட்டு உங்கள் ஊர் கிளப்பின் சுவரில் ஏறியது 1882-இல். ஏழு ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லவில்லை, ஒரு மழைக்காலம் ஆடிப் பாருங்கள். குழியின் விளிம்பில் தொங்கி நிற்கும் பந்து அவுட்டா, களத்துக்கு வெளியே போன மூன்றாவது அடி ஸ்ட்ரைக்கா என்ற சண்டைகள் வந்த பிறகு, அவற்றை வரிசையாக எழுதினால் அதுவே விதிப் புத்தகம். எங்கள் வீட்டில் எழுதப்பட்ட முதல் விதி, பந்து கட்டிலுக்கு அடியில் போனால் குனிந்து எடுக்க வேண்டியவர் பிட்சர் என்பது.