டீச்சரம்மா பதில்கள்

கேள்வி: டீச்சர், நான் ஷிஃப்ட் வேலை பார்ப்பவன். எனக்கு வார ஓய்வு புதன்கிழமை. அன்றைக்கு மனைவி ஆபீஸ் போய்விடுவாள். மூன்றரை வயது மகளும் நானும்தான் வீட்டில். காலை பத்து மணிக்குள்ளேயே இரண்டு பேருக்கும் சலித்துப்போய், கடைசியில் போனைக் கையில் கொடுத்துவிடுகிறேன். அதிகச் செலவில்லாமல் எங்கே கூட்டிப் போகலாம்?
– ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: தம்பி, புதன்கிழமை ஓய்வு கிடைக்கிறதே ஒரு யோகம். கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் வண்டலூருக்கும் செவ்வாய் விடுமுறை, எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளி விடுமுறை. உங்களுக்கு மூன்றும் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் இருக்காது. ஆனால் எங்கே போவது என்பதை அப்புறம் பார்ப்போம். பத்து மணிக்குள் சலிக்கிறது என்கிறீர்களே, முதலில் அதற்கு வழி சொல்கிறேன்.

பிள்ளைக்கு வேலை கொடுங்கள். சொப்பு வைத்து விளையாடுகிற வேலை இல்லை, நிஜ வேலை. செவ்வாய் ராத்திரி ஒரு ஆழாக்கு காய்ந்த மொச்சையை ஊறப் போடுங்கள். காலையில் தரையில் பேப்பரை விரித்து இரண்டு பேரும் உட்காருங்கள். ஊறிய மொச்சையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஓரத்தை அமுக்கினால் தோல் விரலிலேயே நிற்கும், பருப்பு துள்ளிப் போய் விழும். முதல் பருப்பு சோபாவுக்கு அடியில்தான் போகும். அவள் தேடக் குனிவாள், கூடவே நீங்களும் குனிய வேண்டும். கொஞ்ச நேரத்தில் மற்ற கையைக் குவித்து அணை கட்டிக்கொள்ளக் கற்றுக்கொள்வாள். தோலுக்கு ஒரு கிண்ணம், பருப்புக்கு ஒரு கிண்ணம் வையுங்கள். இரண்டையும் கலந்துதான் போடுவாள். போடட்டும், பிதுக்குப் பருப்புக் குழம்பில் நாலு தோல் கிடந்தால் குடி முழுகிவிடாது. "இது நான் பிதுக்கினது" என்று ஒவ்வொரு பருப்பாக எடுத்துத் தின்கிற பிள்ளைக்கு அன்றைக்கு ஊட்டிவிட வேண்டியிருக்காது. ஒரே எச்சரிக்கை: இந்த வயதில் பருப்பு வாய்க்கும் போகும், மூக்குக்கும் போகும். கிண்ணம் காலியாகும் வரை எழுந்து போகாதீர்கள். உங்கள் போனும் உள்ளறையில் கிடக்கட்டும்.

சரி, இப்போது ஊர் சுற்றலாம். ஆபீஸ் கூட்டம் வடிந்ததும் கடற்கரைப் பக்கம் போகிற மின்சார ரயிலில் ஏறுங்கள். ஐந்து வயது ஆகாத பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் கிடையாது. பல்லாவரம் தாண்டினால் திரிசூலம், எதிரே விமான நிலையம். மீனம்பாக்கம், பழவந்தாங்கல் பக்கம் ஒரு விமானம் தாழப் பறந்தால் அவள் அதிர்ஷ்டம். பரங்கிமலைக்கு அடுத்து கிண்டி. இறங்கி ஒரு ஆட்டோ பிடித்தால் சிறுவர் பூங்கா. போன வேலைக்கு நேரமாகிவிட்டது என்று யாரும் உங்களை விரட்டாத ஒரே ரயில் பயணம் இது. அதனால் அவள் இன்னொரு வண்டியும் போவதைப் பார்க்க வேண்டும் என்று நடைமேடையில் நின்றால், நீங்களும் நில்லுங்கள்.

பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் பறவைகளும் இருக்கின்றன. எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று மட்டும் கிளம்பாதீர்கள். எங்கள் பள்ளியிலிருந்து எல்கேஜி பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனபோது, செடிக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயில் ஒரு ஓட்டை. அதிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மொத்த வகுப்பும் அதைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. ஒருவன் விரலால் அடைப்பான், இன்னொருத்தி விரலை எடுக்கச் சொல்லிக் கத்துவாள். மான்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. சாயந்திரம் பெற்றோரிடம் "மான் பார்த்தோம்" என்றுதான் சொன்னோம், அது வேறு விஷயம்.

உங்கள் மகளும் ஒரு கூண்டு முன்னால் அரை மணி நேரம் நிற்கலாம், எறும்பு வரிசைக்குப் பின்னாலேயே போகலாம். "வா, அடுத்ததைப் பார்ப்போம்" என்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கொடுத்த நுழைவுக் கட்டணம் அதிலேயே கழிந்துவிடும். பசி வருவதற்கு முன்னால் திரும்பிவிடுங்கள். பசியும் தூக்கமும் சேர்ந்து வந்தால் கிண்டி ஸ்டேஷனிலேயே புரண்டு அழுவாள்.

போன் விஷயத்துக்கு ஒரு வரி. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னது. நீங்கள் சட்டையை அயர்ன் செய்கிற நேரத்துக்குக் கொடுத்ததற்காக மனசைப் போட்டு வதைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மூன்று வயது மகனுக்கு ரயில் என்றால் உயிர். ஒரு நாள் லீவு போட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி மலை ரயிலில் கூட்டிப் போக ஆசை. தாங்குவானா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: நீங்கள் தாங்குவீர்களா என்று கேளுங்கள் அம்மா. 46 கிலோமீட்டர் ஏற, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பினால் ஊட்டி போய்ச் சேர நண்பகல். முதல் சுரங்கத்தில் குதிப்பான், மூன்றாவதில் பிஸ்கட் கேட்பான், அதற்கப்புறம் இறங்க வேண்டும் என்பான். நடுக்காட்டில் எங்கே இறங்குவது?

அதனால் குன்னூர் வரை பஸ்ஸில் போங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான் செங்குத்தான ஏற்றம். அங்கே தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த பட்டை ஓடும், எஞ்சின் அதைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளும். குன்னூர் வந்ததும் அந்த நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள். நீராவி எஞ்சின் மூச்சு விடுவதை நடைமேடையிலிருந்தே பையன் பார்க்கலாம். அவனுக்கு அதுதான் திருவிழா. பிறகு வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாக ஊட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. அந்த அளவு தாங்குவான். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், ஸ்வெட்டரையும் மாற்று நிக்கரையும் மறக்காதீர்கள்.

கேள்வி: விடுமுறை நாளில் மதியம் பிள்ளையோடு சேர்ந்து நானும் தூங்கிவிடுகிறேன். நேரத்தை வீணாக்குகிறேனோ?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மூன்று, நாலு வயதுப் பிள்ளைக்கு மதியத் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்களுக்கும் வேண்டும். தூங்குங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் என் கணவர் பிள்ளையை வைத்துக்கொண்டால் போதும், "பாவம் என் பையன், ஒரு நாள் லீவிலும் ஓய்வில்லை" என்கிறார் மாமியார். ஆறு நாளும் பார்க்கிற எனக்கு அந்தப் 'பாவம்' கிடையாதா டீச்சர்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: வாக்குவாதம் வேண்டாம். மோர் கலந்து மாமியாருக்கும் அவர் மகனுக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுங்கள். "ஆமாம் அத்தை, பாவம்தான்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புங்கள். பாவம் பார்க்கிறவர் பேரனைத் தூக்கிக்கொள்ளாமல் இருக்க மாட்டார். உங்கள் இரண்டு மணி நேரம் நாலாகும். தெப்பக்குளம் பக்கம் போனால் எனக்கும் அரை முழம் மல்லிகை வாங்கி வையுங்கள்.