அப்துல் ரஹ்மான் என்ற பெயருக்கு என்ன பொருள்? 'அப்துல்' என்று மட்டும் கூப்பிடலாமா?

பிறக்கப்போகும் மகனுக்கு இந்தப் பெயரை வைக்க நினைப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே பெயர்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் இரண்டாவது கேள்வி. 'அப்துல்' என்று மட்டும் கூப்பிடாதீர்கள். 'அப்து' என்றால் அடிமை, அடியான். 'அல்' அடுத்து வரும் சொல்லோடு ஒட்டுவது. 'ரஹ்மான்' அளவற்ற அருளாளன். தமிழில் 'அருளாளனின் அடியான்' என்று உடையவர் முன்னால் வருவார். அரபியில் பின்னால் வருவார். ஆகவே 'அப்துல்' என்று பாதியில் நிறுத்தினால், யாருடைய அடியான் என்பதே விழுந்துவிடுகிறது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் படிவத்தில் பெயரை இரண்டு கட்டங்களில் எழுதச் சொன்னார்கள். அன்றிலிருந்து நான் அங்கே வெறும் அப்துல். அதே அறையில் ஒரு அப்துல் காதிரும் ஒரு அப்துல் மாலிக்கும் இருந்தார்கள், அவர்களும் அப்துல்தான். கூப்பிட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் வாப்பா யோசித்து வைத்த பெயரின் உயிர்ப்பகுதி போய்விட்டதே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

சரி, அப்படியானால் 'ரஹ்மான்' என்று கூப்பிடலாமா? அதையும் மார்க்க அறிஞர்கள் பலர் விரும்புவதில்லை. இதே வேரில் வரும் 'ரஹீம்' (கருணை உள்ளவன்) என்ற சொல்லைக் குர்ஆன் நபி (ஸல்) அவர்களுக்கும் பயன்படுத்துகிறது (9:128). ஆனால் ரஹ்மான் இறைவனுக்கு மட்டுமே உரியது. 'அல்லாஹ் என்று அழையுங்கள், அல்லது ரஹ்மான் என்று அழையுங்கள்' என்ற பொருளில் 17:110 வசனம் அதை அல்லாஹ் என்ற பெயருக்குப் பக்கத்திலேயே வைக்கிறது.

பொருளில் எனக்கு மிகப் பிடித்தது அதன் வேர். ர-ஹ-ம என்ற அதே மூன்றெழுத்து வேரிலிருந்துதான் 'ரஹிம்' என்ற சொல்லும் வருகிறது. ரஹிம் என்றால் கருப்பை; இரத்த உறவுக்கும் அதே சொல்தான். ரஹ்மான் என்ற சொல்லின் வடிவமும் கவனிக்க வேண்டியது. அரபியில் தாகத்தில் தவிப்பவன் 'அத்ஷான்', கோபம் பொங்கி நிற்பவன் 'கழ்பான்'. ஒன்று ததும்பி நிறைந்திருப்பதைச் சொல்லும் அச்சு அது. அந்த அச்சில் அருளை வார்த்தால் ரஹ்மான்.

இந்தப் பெயரை ஒருவர் பிடிவாதமாக மறுத்த கதையும் இருக்கிறது. நபித்தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபின் பழைய பெயர் அப்து அம்ர். மக்காவின் உமையா இப்னு கலஃபோடு அவர் ஓர் ஒப்பந்தம் எழுதும்போது புதுப் பெயரைக் குறிப்பிட்டார். "ரஹ்மானை எனக்குத் தெரியாது, உன் பழைய பெயரையே எழுது" என்று உமையா மறுத்துவிட்டதாக புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் வருகிறது. 628இல் நபி (ஸல்) அவர்களுக்கும் மக்காவின் குறைஷிக் குலத்தாருக்கும் இடையே ஏற்பட்ட ஹுதைபிய்யா உடன்படிக்கையிலும் ரஹ்மான் என்ற சொல்லை எழுத குறைஷிகளின் தூதர் சுஹைல் சம்மதிக்கவில்லை. அப்புறம் ஒன்று: 'நானே ரஹ்மான், ரஹிமைப் படைத்து என் பெயரிலிருந்தே அதற்குப் பெயர் எடுத்தேன்' என்று இறைவன் சொல்வதாக வரும் ஹதீஸை அறிவிப்பவரும் இதே அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப்தான். முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று 'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. வரலாற்றாசிரியர் இப்னு கல்தூனின் இயற்பெயரும் இதுவே.

'அப்துல் ரஹ்மானா', 'அப்துர் ரஹ்மானா' என்ற குழப்பம் வேண்டாம். அரபியின் 28 எழுத்துகளில் 14 சூரிய எழுத்துகள். அவற்றுக்கு முன்னால் 'அல்'லில் உள்ள லாம் (ல் எழுத்து) ஒலிக்காது. ரா அவற்றில் ஒன்று, ஆகவே வாயில் 'அப்துர் ரஹ்மான்'. எழுத்தில் லாம் அப்படியே இருப்பதால் 'அப்துல் ரஹ்மான்' என்று எழுதுவதும் தவறில்லை.

பிறப்புச் சான்றிதழில் மட்டும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதிவிடுங்கள். துருக்கியில் அப்படித்தான் எழுதுகிறார்கள். வீட்டில் செல்லமாகச் சுருக்கியே ஆக வேண்டும் என்றால் 'அப்து' என்று கூப்பிடுங்கள். என் உம்மா அப்படித்தான் கூப்பிடுவார்; அடியான் என்ற பொருள் அதில் முழுதாக நிற்கிறது.