பின்னால் ஓடும் பந்து

அன்பின் ஐயா,

பழைய ஆர்கேட் விளையாட்டுகளைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அவற்றைக் கணினியில் ஓட வைக்கும் மாமே (MAME) எமுலேட்டரை நிறுவினேன். பம்பலப்பிட்டியில் மேசைக் கணினிக்கான ட்ராக்பால், அதாவது உருட்டிக் குறியை நகர்த்தும் பந்து, ஒன்றும் வாங்கினேன். நகரங்கள் மீது விழும் ஏவுகணைகளைக் குறிவைத்துச் சுடும் மிசைல் கமாண்டில் மெதுவாக உருட்டினால் குறி ஒழுங்காகப் போகிறது. அவசரத்தில் வேகமாக உருட்டினால், வலப்பக்கம் போக வேண்டியது இடப்பக்கம் பாய்கிறது. பந்தின் அசைவுக்குக் குறி எவ்வளவு நகர வேண்டும் என்பதை முடிவுசெய்யும் சென்சிட்டிவிட்டியை 100, 150, 200 என்று ஏற்றிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிறது. பந்து பழுதா? என்ன எண் வைக்க வேண்டும்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

பந்தைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போய்விடாதீர்கள். அது நல்ல பந்து. கொஞ்சம் அதிகமாகவே நல்ல பந்து, அதுதான் வில்லங்கம்.

மிசைல் கமாண்ட் 1980இல் அட்டாரி வெளியிட்டது. அந்த இயந்திரம் பந்தின் அசைவைக் கிடையாக ஒன்று, நெடுக்காக ஒன்று என இரண்டு சிறிய எண்ணிகளில் வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொன்றும் நான்கு பிட். 0 முதல் 15 வரை எண்ணும். 15க்கு அடுத்தது மறுபடியும் 0. நிரல் இடைவெளி விட்டு எண்ணியை எட்டிப் பார்க்கும். சென்ற முறை கண்டதற்கும் இப்போது காண்பதற்கும் உள்ள வித்தியாசமே அசைவு.

சுவர் மணிக்கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பார்த்தபோது சின்ன முள் 12இல் இருந்தது. தூங்கி எழுந்து பார்த்தால் 9இல் இருக்கிறது. முள் 9 மணி நேரம் முன்னே போனதா, 3 மணி நேரம் பின்னே வந்ததா? மணிக்கூடு பின்னால் ஓடாது என்பதால் நமக்குக் குழப்பமில்லை. பந்து இரண்டு பக்கமும் ஓடும். ஆகவே நிரல் எது குறைந்த தூரமோ அதையே நம்பும். ஒரு பார்வைக்கும் மறு பார்வைக்கும் இடையில் 7 எண் வரை நகர்ந்தால் சரியாகப் புரிந்துகொள்ளும். 9, 10 என்று தாவினால், பின்பக்கம் 7, 6 என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் குறி இடப்பக்கம் பாய்வது இதனால்தான். இன்றைய ட்ராக்பால் சிறு அசைவுக்கே எண்களை அள்ளிக் கொட்டும். சென்சிட்டிவிட்டியை ஏற்றியபோது அந்தக் கொட்டலை நீங்கள் பெருக்கினீர்கள். ஏற்ற அல்ல, இறக்க வேண்டும்.

முதலில், பந்திலேயே அதன் உணர்திறனை மாற்றும் டிபிஐ (DPI) பொத்தான் இருந்தால் ஆகக் குறைந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டாப் (Tab) விசையை அழுத்தி, அனலாக் அமைப்புகளுக்குப் போங்கள். அங்கே வேகம் (பழைய பதிப்புகளில் டிஜிட்டல் வேகம்) என்று ஒன்று கண்ணில் படும். அது விசைப்பலகையால் ஆடுபவர்களுக்கானது, தொடாதீர்கள். ட்ராக்பால் எக்ஸ், ட்ராக்பால் ஒய் இரண்டுக்கும் சென்சிட்டிவிட்டி தனித்தனியாக இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக இறக்குங்கள். ஒன்றை மட்டும் இறக்கினால் சாய்வாக உருட்டும்போது குறி வேறு கோணத்தில் போகும்.

எவ்வளவு இறக்குவது? உள்ளங்கையால் பந்தை ஓங்கி ஒரு சுழற்று. குறி ஒருமுறைகூடப் பின்வாங்காத அளவு கிடைக்கும் வரை இறக்குங்கள். அடுத்து விரல் நுனியால் மயிரிழை அளவு தள்ளிப் பாருங்கள். குறி அசைய மறுத்தால் அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ உங்கள் எண் இருக்கிறது. இடக்கோடி நகரத்திலிருந்து வலக்கோடி நகரத்துக்கு ஒரே தள்ளலில் போக வேண்டும், போன இடத்தில் நிற்கவும் வேண்டும். கரம் (கேரம்) பலகையில் ஆடுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் விரலுக்குப் பலகையின் அளவு தெரியும்.

கரம் என்றதும் என் சொந்த அவமானம் ஒன்று நினைவுக்கு வருகிறது. என்னிடம் இருப்பது ஆர்கேட் வகை: பந்துக்கு அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு உருளைகள், அவற்றின் நுனியில் துளையிட்ட சக்கரம், துளை வழியே அகச்சிவப்பு ஒளி. ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறையன்று மாலை வரை கரம் ஆடிவிட்டுப் பந்தில் கை வைத்தேன். மறுநாள் குறி மேலே போக மறுத்தது. ஒரு மணி நேரம் சென்சிட்டிவிட்டியோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் பந்தைக் கழற்றிப் பார்த்தால், ஓர் உருளையைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் சாம்பல் நிற வளையம். கரம் பவுடரும் கை வியர்வையும் சேர்ந்து இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டியதும் உரிந்து வந்தது. உங்கள் பந்து உருளையில்லாத வகையாக இருக்கலாம். அப்படியானால் அது உட்காரும் மூன்று சிறு முத்துகளில் இதே அழுக்கு படியும். எண்ணை மாற்றுவதற்கு முன்னால் அதைத் துடைத்துவிடுங்கள்.

மாமே இந்த அளவை ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாகச் சேமித்துக்கொள்ளும். ஆகவே 1984இல் வந்த மார்பிள் மேட்னஸுக்குப் போகும்போது மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். அங்கே பந்தை உருட்டி உருட்டிக் கை வலிக்க வேண்டும், அதுதான் அந்த விளையாட்டு.

உங்கள் எண் கிடைத்ததும் எழுதுங்கள். இங்கே வெளியிட மாட்டேன். வெளியிட்டால் யாராவது அதை அப்படியே போட்டுவிட்டு, பந்து பழுதா என்று எனக்குக் கடிதம் எழுதுவார்கள்.