பாய்சன் ஐவி கொடியைப் பிடுங்கிக் குவித்து எரித்துவிடலாமா?

எரிக்காதீர்கள். மற்றதைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்க வேண்டாம். தோலில் பட்டால் அரித்துக் கொப்புளமாக்கும் அதன் எண்ணெய் புகையோடு நுரையீரலுக்குள் போய்விடும்.

நீங்களும் என்னைப் போல அமெரிக்காவில் புதிதாக வீடு வாங்கி, கொல்லையைச் சுத்தம் செய்யக் கிளம்பியவராகத்தான் இருப்பீர்கள். நியூஜெர்சியில் எங்கள் வேலியோர ஓக் மரத்தில் இந்தக் கொடி ஏறியிருந்தது. மூன்று மூன்றாக இலை, தண்டு முழுக்க முடி மாதிரி வேர். முதல் வருடம் வெறுங்கையால் இழுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. சீமைக்கருவேலம் வெட்டிய கைக்கு இதெல்லாம் ஒரு செடியா என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். முதல் தடவை உடம்பு அதை அடையாளம் மட்டும் கண்டுகொள்கிறது, அடுத்த தடவைதான் காட்டும் என்பது எனக்கு எங்கே தெரியும்? அடுத்த வருடமும் அதே மாதிரி இழுத்து, புறங்கையால் வியர்வையைத் துடைத்தேன். இரண்டாம் நாள் காலை இடது கண்ணைத் திறக்க முடியவில்லை.

என் ஜீன்ஸை எடுத்துத் துவைக்கப் போட்டதில் மனைவிக்கும் முழங்கை வரை கொப்புளம். "ஒட்டுவாரொட்டிடா, தனியாப் படு" என்றார் அம்மா போனில். கொப்புள நீரால் பரவாது அம்மா, துணியில் இருந்த எண்ணெய்தான் என்றால் கேட்க வேண்டுமே!

இப்போது முழுக்கைச் சட்டை, தடித்த வினைல் கையுறை. மெல்லிய லேடெக்ஸ் போதாது, எண்ணெய் ஊடுருவிவிடும். வேரோடு தோண்டி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிக் குப்பையில் சேர்க்கிறேன். உரக்குழியில் போடுவதில்லை, இயந்திரத்தில் விட்டு அரைப்பதும் இல்லை. முடித்த கையோடு பாத்திரம் கழுவும் சோப்பும் தண்ணீரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுவேன். பத்து நிமிடம் தாண்டவிடுவதில்லை. மண்வெட்டிக்கு ஆல்கஹால், துணிக்குத் தனிச் சலவை. களைக்கொல்லி அடித்தால் போதுமே என்று யாராவது வருவீர்கள். அடியுங்கள், ஆனால் செத்துக் காய்ந்த கொடியிலும் எண்ணெய் இருக்கும்.

நான் டாக்டர் இல்லை. முகத்தில் வந்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆனால் கண் வீங்கியபோது நான் போன டாக்டரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு ஆறு நாள் ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். மாத்திரை தீர்ந்ததும் அரிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. வேறொருவரிடம் போனபோது, இதற்கு இரண்டு மூன்று வாரம் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார். பில் மட்டும் இரண்டு பேருக்கும் தனித்தனி.

ஊரில் பாட்டி சேங்கொட்டைப் பால் பட்டால் புண்ணாகும் என்று பயமுறுத்துவார். அதுவும் இதுவும் ஒரே குடும்பம். மாமரமும் பங்காளிதான். போன கோடையில் பெட்டி மாம்பழம் வாங்கித் தோலோடு சப்பினேன், உதட்டைச் சுற்றித் தடித்துவிட்டது. இப்போதெல்லாம் மனைவி தோல் சீவித் தட்டில் வைத்துத் தருகிறாள், முள்கரண்டியோடு.