போட்டோ எடுத்துவிட்டு விட்டால் புண்ணியமா?

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்தில் போன மாதம் என் தூண்டிலில் ஓர் அவிரி, வரால் சாதியில் பெரிய மீன், மாட்டியது. ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் கறி வைத்தோம், பக்கத்தில் மூன்று வீட்டுக்கும் கொடுத்தோம். என்னோடு மீன் பிடிக்க வரும் நண்பர்கள், ‘இவ்வளவு பெரிய மீனைப் போட்டோ எடுத்துவிட்டுத் தண்ணீரில் விடுவதுதான் மரியாதை. நீ செய்தது கொலை’ என்கிறார்கள். இரண்டு வாரமாகப் பேச்சே இல்லை. அவர்கள் பிடிக்கிற எந்த மீனையும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். நான் செய்தது தவறா?
— வாசகர் ஒருவர், குலசேகரம்

பதில்: ஆறு கிலோ அவிரியை மூன்று வீட்டுக்குப் பங்கு வைத்திருக்கிறீர்கள். எனக்கும் ஒரு பங்கு அனுப்ப நாகர்கோவில் ஒன்றும் அவ்வளவு தூரமில்லை. சரி, போகட்டும்.

தவறா என்றால், கொஞ்சம் தவறுதான். ஆனால் உங்கள் நண்பர்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை.

முதலில் அந்தக் ‘கொலை’யைப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுச் சட்டியில் என்ன கொதிக்கிறது? சாளையோ நெத்திலியோ இல்லாத ஞாயிறு நம் மாவட்டத்தில் உண்டா? சாளை செத்தால் கறி, அவிரி செத்தால் கொலை என்றால், அளவை வைத்துத்தான் அனுதாபம் என்றாகிறது. சைவர் ஒருவர் உங்களைத் திட்டினால் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ளலாம். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிட்டுவிட்டு வந்து திட்டுகிறவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

மீனுக்கு வலிக்குமா என்பது பழைய சண்டை. 2003-ல் பிரிட்டனில் ட்ரவுட் மீன்களின் உதட்டில் அமிலம் ஏற்றிப் பார்த்தார்கள். அவை தொட்டியின் அடியில் கிடந்த சரளைக் கல்லில் உதட்டைத் தேய்த்துக்கொண்டன, தீனியைப் பல மணி நேரம் தொடவில்லை. அது நாம் சொல்லும் வலிதானா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்தச் சரளைக்கல் போதும். வலி என்று வைத்துக்கொண்டால், சாப்பிடுவதற்காக வலிக்க வைத்தவர் நீங்கள். பொழுதுபோக்குக்காக வலிக்க வைத்தவர்கள் அவர்கள். சுவிட்சர்லாந்தில் 2008-ம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, திருப்பி விடும் நோக்கத்தோடு தூண்டில் போடுவதே குற்றம். அந்த ஊர்ச் சட்டம் உங்களை விட்டுவிடும், உங்கள் நண்பர்களைத்தான் பிடிக்கும்.

‘விட்டுவிடுவது’ எப்படி நடக்கிறது என்றும் பார்த்திருப்பீர்கள். மீன் கரைக்கு வரும். மத்தியான வெயிலில் கொதிக்கும் படிக்கட்டில் அதைப் போடுவார்கள். போனைத் தேடுவார்கள். கிடுக்கியால் கீழ்த்தாடையைக் கவ்வித் தூக்கிப் பிடித்து ஒரு படம், நெஞ்சோடு அணைத்து ஒரு படம், அடுத்தவர் கையில் கொடுத்து ஒரு படம். தண்ணீர் தன் எடையைத் தாங்கும் என்று நம்பி வளர்ந்த உடம்பு அது. ஆறு கிலோவையும் தாடை ஒன்றில் தொங்கவிட்டால் மூட்டு என்ன ஆகும்? அப்புறம் அந்த வழுவழுப்பு. வராலைக் கறிக்கு நறுக்குமுன் உப்பும் சாம்பலும் போட்டு நம் வீட்டுப் பெண்கள் தேய்த்துத் தேய்த்து எடுக்கிறார்களே, அதேதான். மீனுக்கு அதுதான் சட்டை, அதுதான் மருந்து. பாசியும் பூஞ்சையும் உடம்பில் ஏறாமல் காப்பது அந்தப் பசை. உலர்ந்த கையாலும் பனியனாலும் அதைத் துடைத்துவிட்டுத் தண்ணீரில் விட்டால், பாதிக் கறிவேலை முடித்த மீனை விடுகிறோம் என்று அர்த்தம். வராலும் அவிரியும் மேலே வந்து காற்றைக் குடிக்கிற சாதி. மற்ற மீன் செத்துப்போகிற நேரத்தில் இவை துள்ளிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துத்தான் ‘ஒன்றும் ஆகவில்லை, ஜம்மென்று போய்விட்டது’ என்கிறார்கள். வாலை ஆட்டிக்கொண்டு போனது வரைக்கும்தான் அவர்களுக்குத் தெரியும்.

ஒழுங்காக விடுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் கொக்கியை நசுக்கிவிட்டுத்தான் போடுவார்கள். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றிவிடுவார்கள். படம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இவர்கள் விட்ட மீன் பெரும்பாலும் பிழைக்கும். இங்கிலாந்தில் ‘பென்சன்’ என்று பெயர் வைத்த ஒரு கெண்டை இருந்தது. சுமார் 29 கிலோ. 2009-ல் சாவதற்குமுன் 63 தடவை பிடித்து 63 தடவை விட்டிருக்கிறார்கள். நமக்கு அந்த எண்ணைக் கேட்டால் நாயன்மார்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தக் கெண்டையும் ஒரு வகையில் அடியாராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

இனி நான் உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம். அதற்கு என் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பெருமைப்படும்படியான கதை இல்லை.

பூதப்பாண்டிப் பக்கம் என் அம்மை வீடு. எனக்குப் பத்து வயதிருக்கும். ஆனி மாதம், மழை விட்டிருந்த நேரம். மாமாவோடு குளத்தங்கரையில் நிற்கிறேன். தாமரை இலைகளுக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தண்ணீர் சிவந்து கொதிப்பதுபோல் இருந்தது. வரால் குஞ்சுகள். ஒவ்வொன்றும் நெல்மணி நீளம்தான், நூற்றுக்கணக்கில். எல்லாம் ஒன்றாக மேலே வந்து மூச்சு வாங்கும், ஒன்றாக இறங்கும். கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில் சிவப்பு கிளம்பும். கேரளத்தில் இதைப் ‘பார்ப்பு’ என்பார்கள். நாம் தொலைத்துவிட்ட நல்ல பழந்தமிழ்ச் சொல், பக்கத்து வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

மாமா ஒரு தவளையை முள்ளில் குத்தி, அந்தச் சிவப்பின் நடுவில் போட்டார். போட்ட வேகத்தில் தண்ணீர் வெடித்தது. இரண்டு கிலோ வரால். திரும்பவும் போட்டார். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. ‘ஜோடிலே!’ என்று சிரித்தார். அவை பசிக்காகக் கடிக்கவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. தாயும் தகப்பனுமாகக் குஞ்சுகளுக்குக் காவல் நின்றவை. தவளை குஞ்சைத் தின்ன வந்தது என்று அடித்தவை. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். மீன்கொத்தி ஒன்று அதே இடத்தில் இறங்கி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து கெண்டைகள் சளப் சளப்பென்று மேலே வந்தன. மறுநாள் காலை சிவப்பு எங்கேயும் இல்லை. கறி ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

இப்போது உங்கள் நண்பர்களிடம் போய் ஒன்றே ஒன்று கேளுங்கள். தூண்டிலில் இரையாக மாட்டுகிற அந்த ரப்பர் தவளையை எங்கே போடுகிறீர்கள்? வெறும் தண்ணீரில் நாள் முழுக்க வீசினாலும் ஒன்றும் கடிக்காமல் போகலாம். குஞ்சுக் கூட்டத்தின்மேல் போட்டால் முதல் வீச்சிலேயே பெரிய மீன் கடிக்கும் என்பது ராடும் ரீலுமாகத் திரிகிற எல்லோருக்கும் தெரியும். பலருடைய அழகான படங்கள் அப்படி வந்தவைதான். பத்து நிமிடத்தில் திருப்பி விட்டுவிட்டோமே என்பார்கள். அந்தப் பத்து நிமிடம்தான் குஞ்சுகளுக்குக் கணக்கு. அமெரிக்க ஏரிகளில் பாஸ் என்ற மீனின் ஆண் இப்படித்தான் கூட்டைக் காக்கும். அதைப் பிடித்துச் சில நிமிடத்தில் விட்டாலும், அதற்குள் சின்ன மீன்கள் புகுந்து கூட்டைச் சூறையாடிவிடுகின்றன. களைத்துத் திரும்புகிற ஆண், மிச்சமிருக்கிற கூட்டையும் பல நேரம் கைவிட்டுப் போய்விடுகிறது. அங்கே ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு பூதப்பாண்டி மீன்கொத்தி காட்டியதும் அதைத்தான். ஒரு மீனை உயிரோடு விட்டு அதன் பிள்ளைகள் அத்தனையையும் கொன்றவருக்கு, ஒரு மீனைத் தின்ற உங்களைக் கொலைகாரன் என்று சொல்ல வாய் எப்படி வருகிறது?

உங்கள் கணக்குக்கு வருகிறேன். ‘கொஞ்சம் தவறு’ என்றேன். பெரிய பெண்மீன் போடும் முட்டை எடைக்கு நேர்க்கணக்கில் கூடுவதில்லை. பல மீன்களில் ஆறு கிலோ மீன் ஒன்று, இரண்டு கிலோ மீன்கள் மூன்றைவிட அதிகமாகவே போடும். ஒரு குளத்துக்கு அப்படிப்பட்ட மீன் ஒன்றிரண்டுதான் தேறும். விதைநெல்லைக் குத்திச் சோறு வைத்தது மாதிரி என்று நாஞ்சில் நாட்டுக்காரருக்குச் சொன்னால் புரியும். அந்தக் குளத்தில் அடுத்த முறை ஒன்றரை, இரண்டு கிலோவில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கறிக்கும் அதுதான் நல்லது. கிழட்டு மீனின் சதை நார் நாராக இருக்கும், உங்களுக்கே தெரிந்திருக்குமே.

எல்லா மீனுக்கும் ஒரே சட்டம் போடவும் முடியாது. கட்லா, ரோகு கிடைத்தால் பத்து கிலோ ஆனாலும் கூசாமல் கொண்டுபோங்கள். அவை கங்கைக்கரை மீன்கள். ஓடுகிற ஆற்றில்தான் முட்டையிடும். நம் குளங்களில் இருப்பவை பண்ணையில் ஹார்மோன் ஊசி போட்டுப் பொரிக்க வைத்து, குஞ்சாகக் கொண்டுவந்து விட்டவை. 1957-ல் ஹீராலால் சவுத்ரி என்ற மீன் விஞ்ஞானி அந்த ஊசி வித்தையைச் சாதித்த ஜூலை 10-ஐத்தான் இன்றைக்கும் மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்தக் கட்லாவைத் திருப்பி விடுவதால் அடுத்த தலைமுறை எதுவும் வரப்போவதில்லை. ஆனால் குளத்தை மீன்பாசிக் குத்தகை, அதாவது மீன்பிடிக் குத்தகை, எடுத்தவர் ஒருவர் இருப்பார். குஞ்சு வாங்கிவிட்ட காசு அவருடையது. அவரிடம் கேட்காமல் எடுத்தால் அது வேறு வகைத் தவறு, அதற்கு இந்தப் பக்கத்தில் பதில் கிடையாது.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் எந்தக் காரணத்துக்காகவும் திருப்பி விடாதீர்கள். 2000-ம் ஆண்டிலேயே வளர்க்கத் தடை போட்ட மீன். நம் குளத்தில் கிடைப்பதையெல்லாம் வழித்துத் தின்னும். அதை முத்தமிட்டுத் தண்ணீரில் விடும் ஒரு படம்கூட எனக்கு வந்தது. அந்தக் கருணைக்கு விலை கொடுத்தவை குளத்தில் இருந்த வரால் குஞ்சுகளும் ஆரலும்.

மலையாற்றுப் பொம்மீன் (மஹ்சீர்) கதை இதற்கு நேர் எதிர். 1946-ல் கபினி ஆற்றில் 120 பவுண்டு பொம்மீன் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார்கள், இன்றைக்கும் பேசுகிறார்கள். காவிரி, கபினியில் இருந்த அந்தத் திமில் பொம்மீன் 2018-ல் அழிவின் விளிம்பில் இருப்பவற்றின் பட்டியலுக்குப் போய்விட்டது. அதைத் தின்பதும் வேண்டாம், ‘பிடித்து விடுவதும்’ வேண்டாம். பெரிய மீனைப் பார்க்கத்தான் ஆசை என்றால் திருநெல்வேலிப் பக்கம் பாபநாசம் படித்துறைக்குப் போய் ஒரு பொட்டலம் பொரி வாங்கிப் போடுங்கள். காலை உரசிக்கொண்டு போகும். படமும் எடுக்கலாம்.

உங்களிடம் கேட்க மறந்துவிட்டேன். அந்த அவிரி மாட்டியபோது, அந்த இடத்தில் குஞ்சுக் கூட்டம் ஏதாவது மேலே வந்து இறங்கியதைப் பார்த்தீர்களா? உள்ளதை எழுதுங்கள். ‘கொஞ்சம் தவறு’ என்பதில் அந்தக் ‘கொஞ்சம்’ இருக்கட்டுமா, எடுத்துவிடவா என்பதை உங்கள் கடிதம் வந்தபிறகு சொல்கிறேன்.