மங்குக்கு எஸ்.பி.எஃப். 100 வேண்டுமா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, மாநிறம். இரண்டு கன்னங்களிலும் மங்கு (கரும்படலம்) இருக்கிறது. சில மாதங்களாக எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன் தடவுகிறேன். முகம் சாம்பல் பூத்ததுபோல் தெரிவதுதான் மிச்சம். எஸ்.பி.எஃப். 100 வாங்கலாமா?

பதில்: வேண்டாம், காசுதான் வீண். எஸ்.பி.எஃப். என்பது வெயிலில் தோல் சிவக்காமல் காக்கும் அளவு. தோலைச் சிவக்கவைக்கும் புற ஊதா பி கதிர்களில் எஸ்.பி.எஃப். 30 சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது. 50 என்றால் 98. அதற்கு மேல் கூடுவது சொற்பம்.

மங்கைக் கிளப்பிவிடுவதில் புற ஊதாக் கதிர்களுக்கு மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும், குறிப்பாக அதன் நீலப் பகுதிக்கும் பங்கு உண்டு. மாநிற, கருநிறத் தோலில் இது இன்னும் அதிகம். பூசிய தடமே தெரியாத களிம்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை எப்படி மறிக்கும்? அதற்கு நிறம் வேண்டும். ஆகவே இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சன்ஸ்கிரீனுக்கு மாறுங்கள். டியூபின் பின்புறம் பொடி எழுத்தில் 77491, 77492, 77499 என்ற எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முறையே சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள் அவை. சன்ஸ்கிரீனில் சேர்க்கும் வெண்பொடிகளான துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் தரும் சாம்பல் பூச்சையும் இந்த நிறம் மறைத்துவிடும்.

புதிய வடிகட்டிகளும், அதாவது சன்ஸ்கிரீனில் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள்களும், நல்லவைதான். ஐரோப்பாவில் 2000-ஆம் ஆண்டு முதல் புழங்கும் பெமோட்ரிசினால் வெயிலில் எளிதில் சிதைவதில்லை. சிதையக்கூடிய அவோபென்சோன் என்ற பழைய வடிகட்டியையும் காப்பாற்றுகிறது. மெக்சோரில் 400 என்ற இன்னொன்று, பழைய வடிகட்டிகள் கோட்டைவிட்ட, கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒட்டிய 380–400 நானோமீட்டர் அலைநீளப் பகுதியைப் பிடிக்கிறது. ஆனால் இவற்றின் வேலை புற ஊதா எல்லையோடு சரி. நிறமற்ற களிம்பில் இவை இருந்தாலும் மங்குக்கு அது மட்டும் போதாது. செல்போன் வெளிச்சத்துக்கென்று தனி கிரீம் விற்பார்கள். வெயிலோடு ஒப்பிட்டால் அந்த வெளிச்சம் ஒன்றுமே இல்லை.

எஸ்.பி.எஃப். எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவி அளக்கப்படுவது. பெரும்பாலோர் அதில் பாதிகூடத் தடவுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் தடவுங்கள். வகுப்பில் ஜன்னலோரம் நிற்பவர் என்றால் உள்ளேயும் வேண்டும். புற ஊதா ஏ கதிர்கள் கண்ணாடியைத் தாண்டி வரும்.

கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்களானால் தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவும் மங்கைத் தூண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த ‘சிவப்பழகு’ கிரீம் மட்டும் வேண்டவே வேண்டாம்.